சிறு டிராக்டரில் ஹைட்ராலிக் எண்ணெய்: அளவு பார்த்தலும் குறைவைச் சரிசெய்தலும்

நாற்று வயதாகிக் காத்திருக்கிறது. வாய்க்காலில் தண்ணீரும் வந்துவிட்டது. அந்த நேரத்தில் டிராக்டரின் பின்னால் பூட்டிய சுழல் கலப்பை மேலே எழ மறுத்தால் உழவரின் நிலை என்ன? வயலின் கோடியில் டிராக்டரைத் திருப்ப முடியாது. வரப்பைத் தாண்ட முடியாது. மெக்கானிக் வரும்வரை வேலை நின்றுவிடும். நடவு தள்ளிப்போகும்.

இத்தகைய தொல்லைகளில் பலவற்றுக்குக் காரணம் பெரிய பழுது அன்று. எண்ணெய் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வந்ததை யாரும் கவனிக்காமல் விட்டதே காரணம். காலையில் ஐந்து நிமிடம் ஒதுக்கி அளவு பார்க்கும் பழக்கம் இருந்தால் இதைத் தவிர்க்கலாம். ஆனால் அளவு பார்ப்பதிலும் முறை உண்டு. குறைந்ததை நிரப்புவதிலும் முறை உண்டு. அவற்றை இப்பாடத்தில் படிப்படியாகக் காண்போம்.

முதலில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். எஞ்சின் எண்ணெய் ஓரளவு எரிந்து குறையக் கூடும். ஹைட்ராலிக் எண்ணெய் அப்படி எரிந்து போவதில்லை. அது மூடிய கூட்டுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. ஆகவே அது குறைந்தால் எங்கோ ஓரிடத்தில் வெளியேறியிருக்கிறது என்பதே பொருள். குறைந்த எண்ணெயை ஊற்றி நிரப்புவது பாதி வேலை. அது எங்கே போயிற்று என்று கண்டுபிடிப்பது மறுபாதி வேலை.

ஹைட்ராலிக் அமைப்பு வேலை செய்யும் விதம்

கருவியை எண்ணெயின் அழுத்தத்தால் தூக்கியும் இறக்கியும், மூன்று புள்ளிகளில் டிராக்டருடன் இணைக்கும் முறையைப் பரவச் செய்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி ஃபெர்குசன். இம்முறையோடு 1936-ஆம் ஆண்டு ஃபெர்குசன்-பிரௌன் டிராக்டர் விற்பனைக்கு வந்தது. இன்று நம் ஊர்களில் ஓடும் சிறு டிராக்டர்களிலும் அடிப்படை அதுவே.

டிராக்டரின் எஞ்சின் ஒரு சிறிய பம்பைச் சுழற்றுகிறது. பம்பு அடிக்கூட்டில் உள்ள எண்ணெயை வடிகட்டி வழியாக உறிஞ்சி, அழுத்தத்துடன் தள்ளுகிறது. ஓட்டுநர் நெம்புகோலை உயர்த்தும்போது இந்த எண்ணெய் உருளைக்குள் புகுந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் தூக்குக் கைகளை உயர்த்துகிறது. நெம்புகோலைத் தாழ்த்தினால் எண்ணெய் மீண்டும் அடிக்கூட்டுக்குத் திரும்பி, கருவி தன் எடையால் கீழே இறங்குகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பிஸ்டனின் விட்டம் 8 செ.மீ. என்றால் அதன் பரப்பு ஏறத்தாழ 50 சதுர செ.மீ. எண்ணெயின் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 150 கிலோ என்று கொண்டால், பிஸ்டன்மீது விழும் விசை 7,500 கிலோ ஆகும். நெம்புகோல் அமைப்பின் வழியே தூக்குக் கைகளின் நுனிக்கு வரும்போது இது வெகுவாகக் குறைந்தாலும், சில நூறு கிலோ எடையுள்ள கருவியை எளிதில் தூக்கப் போதுமானது. இவ்வளவு பெரிய விசையைக் கடத்துவது எண்ணெய் ஒன்றே. அதில் காற்றோ தண்ணீரோ கலந்தால் இந்த விசை சரிவரக் கிடைக்காது.

மேலும், பெரும்பாலான சிறு டிராக்டர்களில் கியர் பெட்டி, பின் அச்சு, ஹைட்ராலிக் ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள டிராக்டர்களில் பிரேக்கும் அதே எண்ணெயில் வேலை செய்கிறது. சில வகைகளில் ஹைட்ராலிக்குக்குத் தனித் தொட்டி உண்டு. தம்முடைய டிராக்டர் எந்த வகை என்பதை உழவர் முதலில் கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுக்கூடு உள்ள டிராக்டரில் எண்ணெய் குறைந்தால் தூக்கும் கை மட்டுமன்றி கியர்களும் பேரிங்குகளும் தேயும்.

அளவு பார்க்கும் முறை

காலையில், வேலை தொடங்கும் முன், எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது அளவு பார்ப்பது நல்லது. சூடான நிலையில் பார்க்க வேண்டும் என்று கையேட்டில் கூறப்பட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

1. டிராக்டரைச் சமமான தரையில் நிறுத்த வேண்டும். சிமெண்டுக் களம் ஏற்றது. வரப்போரமோ சரிவோ கூடாது. சரிவில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்குவதால் அளவு கூடவோ குறையவோ காட்டும்.

2. தூக்குக் கைகளை முழுதும் கீழே இறக்க வேண்டும். இதுவே பலர் மறந்துவிடும் படி. மேற்கண்ட 8 செ.மீ. பிஸ்டன் 11 செ.மீ. நகர்ந்து நின்றால் உருளைக்குள் அரை லிட்டருக்கு மேல் எண்ணெய் நிற்கும். அந்த அளவு அடிக்கூட்டில் குறைவாகத் தெரியும். குறைவு என்று எண்ணி ஊற்றிவிட்டால், கைகள் இறங்கியதும் எண்ணெய் மிகுதியாகிவிடும். டிப்பர் டிரெய்லர் இணைத்திருந்தால் அதையும் முழுதும் இறக்கியிருக்க வேண்டும்.

3. கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கைப் போட்டு, எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். வேலை செய்த டிராக்டராக இருந்தால் குறைந்தது 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். சுவர்களிலும் கியர்களிலும் ஒட்டிய எண்ணெய் வழிந்து இறங்கவும், நுரை அடங்கவும் இந்த நேரம் தேவை.

4. டிப் ஸ்டிக் எனப்படும் அளவுக் கம்பியைச் சுற்றியுள்ள சேற்றையும் தூசியையும் முதலில் துடைத்துவிட வேண்டும். அழுக்கோடு கம்பியை உருவினால், கூட்டுக்குள் விழும் மணல் பம்பைத் தேய்க்கும்.

5. கம்பியை உருவி, நூல் பிரியாத சுத்தமான துணியால் துடைத்து, மீண்டும் உள்ளே விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். பஞ்சுக் கழிவால் துடைக்கக் கூடாது. அதன் இழைகள் வடிகட்டியை அடைக்கும். திருகுமரை உள்ள அளவுக் கம்பி என்றால், திருகி முடுக்கிப் பார்ப்பதா, திருகாமல் வாய் விளிம்பில் வைத்துப் பார்ப்பதா என்பது டிராக்டருக்கு டிராக்டர் மாறும். கையேட்டைப் பார்த்து ஒரே முறையைக் கடைப்பிடிக்க வேண்டும்.

6. எண்ணெய் இரு கோடுகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். மேல் கோட்டுக்கு அருகில் இருப்பது நலம். கீழ்க் கோட்டுக்குக் கீழே இருந்தால் டிராக்டரை வேலைக்கு எடுக்கக் கூடாது. அளவுக் கம்பிக்குப் பதில் கண்ணாடிச் சன்னலோ, அளவுத் திருகோ உள்ள டிராக்டர்களும் உண்டு. கண்ணாடியில் அதன் குறியளவும், திருகில் அதன் துளையின் கீழ் விளிம்பும் சரியான மட்டமாகும்.

எண்ணெயின் நிறமும் மணமும்

கம்பியில் அளவை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அதில் ஒட்டிய எண்ணெயையும் உற்றுப் பார்க்க வேண்டும்.

நல்ல எண்ணெய் பொதுவாகத் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். நாளடைவில் சற்றுக் கறுக்கும். மிகவும் கறுத்து, தீய்ந்த வாடை வீசினால் அது சூடேறிக் கெட்டுவிட்டது. விரலிடை வைத்துத் தேய்க்கும்போது நறநறவென்றால் மண் கலந்துள்ளது. மினுமினுக்கும் துகள்கள் தெரிந்தால் உள்ளே ஏதோ ஓர் உறுப்பு தேய்கிறது. இந்த மூன்று நிலைகளிலும் எண்ணெய் ஊற்றி நிரப்புவதில் பயனில்லை. எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றி, காரணத்தையும் பார்க்க வேண்டும்.

எண்ணெய் பாலும் தேநீரும் போல வெளுத்திருந்தால் தண்ணீரோ காற்றோ கலந்துள்ளது. எது என்று அறிய எளிய சோதனை உண்டு. கால் பாட்டில் எண்ணெயைக் கண்ணாடிச் சீசாவில் எடுத்து அசையாமல் வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டால் கலந்தது காற்று. மறுநாளும் வெளுப்பு மாறாமல் இருந்தாலோ, அடியில் நீர் தங்கினாலோ, கலந்தது தண்ணீர். நன்கு சூடான பழைய இரும்புத் தகட்டில் இரண்டு சொட்டு விட்டால், தண்ணீர் கலந்த எண்ணெய் படபடவென்று வெடிக்கும். இதைத் திறந்த வெளியில், டிராக்டருக்கும் எரிபொருளுக்கும் எட்டச் செய்ய வேண்டும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும்.

நன்செய் உழவர் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். கூண்டுச் சக்கரம் பூட்டிச் சேற்றுழவு செய்யும்போது பின் அச்சு சேற்று நீரில் தோய்கிறது. அச்சுக் கூட்டின்மேல் பிரீதர் எனப்படும் சிறு காற்றுத் துளை உண்டு. அது சேற்றால் அடைபட்டால், சூட்டில் விரிந்த காற்று வெளியேற வழியின்றி ஆயில் சீல்களைத் தள்ளி எண்ணெயைக் கசியச் செய்யும். மாலையில் டிராக்டர் குளிரும்போது உள்ளே இழுவை ஏற்பட்டு, அதே சீல் வழியாகத் தண்ணீர் புகும். ஆகவே சேற்றுழவு முடிந்த ஒவ்வொரு நாளும் பிரீதரைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். டிராக்டரைக் கழுவும்போது பிரீதர்மீதும் அளவுக் கம்பியின் வாய்மீதும் தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது.

குறைந்தால் என்ன ஆகும்? மிகுந்தால் என்ன ஆகும்?

எண்ணெய் குறைந்தால் பம்பு எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும். அப்போது பம்பு கீச்சென்று இரையும். கருவி அதிர்ந்து அதிர்ந்து மேலே எழும். அல்லது பாதியில் நிற்கும். பவர் ஸ்டியரிங் உள்ள டிராக்டரில் திருப்புவது கடினமாகும். சமதரையில் நன்றாகத் தூக்கிய டிராக்டர், வரப்பு ஏறும்போது மட்டும் தடுமாறினால் அதுவும் எண்ணெய்க் குறைவின் அறிகுறியே. மேடேறும்போது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்பின் உறிஞ்சு வாய் காற்றில் தெரிகிறது. இந்த நிலையில் ஓட்டிக்கொண்டே இருந்தால் பம்பு தேய்ந்து கெடும்.

இரைச்சல் வந்தாலே எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பதும் தவறு. அளவு சரியாக இருந்தும் பம்பு இரைந்தால், உறிஞ்சு வடிகட்டி அடைபட்டிருக்கலாம். அல்லது உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்று புகலாம். அதைப் போலவே, எஞ்சினை நிறுத்தியதும் தூக்கிய கருவி விரைவாகக் கீழே இறங்கி, அளவு மட்டும் குறையாதிருந்தால், அது உட்கசிவு. பிஸ்டன் சீலோ கட்டுப்பாட்டு வால்வோ தேய்ந்துள்ளது. உட்கசியும் எண்ணெய் அதே கூட்டுக்குள் விழுவதால் கம்பியில் குறைவு தெரியாது. இந்தக் குறைகளை எண்ணெய் ஊற்றித் தீர்க்க முடியாது.

எண்ணெய் மிகுந்தாலும் தீங்குதான். சுழலும் கியர்கள் எண்ணெயைக் கலக்கி நுரைக்கச் செய்யும். எண்ணெய் சூடேறும். எஞ்சினின் சக்தி வீணாகும். சீல்கள் வழியே கசியும். ‘கொஞ்சம் கூடவே இருக்கட்டும்’ என்று ஊற்றுவது நல்ல பழக்கம் அன்று.

குறைவைச் சரிசெய்தல்

எந்த எண்ணெய் என்பதைக் கையேட்டில் பார்த்து, அதே தரத்தை வாங்க வேண்டும். எஞ்சின் எண்ணெய் மீதம் இருக்கிறது என்று அதை ஊற்றக் கூடாது. எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள டிராக்டருக்கு அதற்கென்றே தயாரித்த பொது எண்ணெய் தேவை. வேறு எண்ணெய் ஊற்றினால் பிரேக் அதிரும், கிறீச்சிடும், பிடிப்பும் மாறும். வாகனங்களின் பிரேக் திரவத்தை ஒருபோதும் ஊற்றக் கூடாது. அது ரப்பர் சீல்களை ஊதச் செய்து கெடுத்துவிடும். கடைக்குப் போகும்போது, பழைய டப்பாவில் உள்ள தர எண்ணை எழுதி எடுத்துச் செல்வது நல்லது.

ஊற்றும் வாயைத் துடைத்துத் திறந்து, மெல்லிய கம்பிவலை உள்ள சுத்தமான புனலை வைத்து, அரை லிட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். ஐந்து நிமிடம் பொறுத்து அளவு பார்க்க வேண்டும். போதவில்லை என்றால் மீண்டும் அரை லிட்டர். இவ்வாறு மேல் கோட்டை எட்டும்வரை செய்யலாம். கீழ்க் கோட்டிலிருந்து மேல் கோடு வரை எத்தனை லிட்டர் பிடித்தது என்று குறித்துக்கொண்டால் அடுத்த முறை எளிதாகும். மழையிலும் புழுதிக் காற்றிலும் கூட்டைத் திறக்கக் கூடாது. மீதி எண்ணெயை மூடி இறுக்கி வைக்க வேண்டும்.

பிறகு எஞ்சினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, தூக்குக் கைகளை ஐந்தாறு முறை ஏற்றி இறக்க வேண்டும். பவர் ஸ்டியரிங் இருந்தால் இரு பக்கமும் முழுதும் திருப்ப வேண்டும். இதனால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். கைகளை இறக்கி, எஞ்சினை நிறுத்தி, 10 நிமிடம் கழித்து மறுபடி அளவு பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது அளவே உண்மையான அளவு.

மிகுதியாக ஊற்றிவிட்டால், எண்ணெய் ஆறிய பின், அடியில் உள்ள வடிதிருகைச் சிறிது தளர்த்திச் சுத்தமான பாத்திரத்தில் வேண்டிய அளவு வடிக்கலாம். திருகை முழுதும் கழற்ற வேண்டியதில்லை. பிறகு நன்கு முடுக்கி, சொட்டு விழவில்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

எண்ணெய் எங்கே போயிற்று?

விநாடிக்கு ஒரு சொட்டு விழுவது கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும். 20 சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்று கொண்டால், எட்டு மணி நேர வேலையில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் போய்விடும். இரவும் பகலும் சொட்டினால் ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல் ஆகும். டிராக்டர் நிற்கும் இடத்தில் இரவில் ஒரு பழைய அட்டையை விரித்துவைத்தால், காலையில் கறை எங்கே விழுந்தது என்று தெரிந்துவிடும். பின் அச்சு முனைகள், பி.டி.ஓ. தண்டின் சீல், ஹோஸ் குழாய்களின் இணைப்புகள், ஸ்டியரிங் உருளை, வடிகட்டியின் வாஷர், வடிதிருகு ஆகிய இடங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

தரையில் ஒரு சொட்டும் இல்லை, ஆனால் அளவு குறைகிறது என்றால் அது கூடுதல் கவனத்துக்கு உரியது. எண்ணெய் உள்ளுக்குள்ளேயே வேறிடத்துக்குப் போகிறது. அவ்வாறு போகக்கூடிய இடங்கள் நான்கு.

கிளட்ச் கூடு: உலர் கிளட்ச் உள்ள டிராக்டர்களில் கியர் பெட்டியின் முன் சீல் கெட்டால் எண்ணெய் கிளட்ச் தட்டில் படும். கிளட்ச் வழுக்கும். கூட்டின் அடியில் உள்ள வடிதுளை சேற்றால் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அத்துளையில் எண்ணெய் சொட்டினால் நிறத்தைப் பார்க்க வேண்டும். கறுப்பாக இருந்தால் எஞ்சினின் பின் சீலிலிருந்து வருவதாக இருக்கலாம். தேன் நிறமாக இருந்தால் கியர் பெட்டியிலிருந்து வருவதாக இருக்கலாம்.

பிரேக்: உலர் பிரேக் உள்ள டிராக்டர்களில் பின் அச்சின் சீல் கெட்டால் எண்ணெய் பிரேக்கில் இறங்கும். ஒரு பக்கப் பிரேக் மட்டும் பிடிக்காமல் டிராக்டர் ஒருபுறம் இழுத்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். பாரம் ஏற்றிய டிரெய்லரோடு சாலையில் போகும் டிராக்டருக்கு இது உயிர் ஆபத்து. சீல் மாற்றும்வரை சாலைக்கு எடுக்கக் கூடாது.

எஞ்சின்: சில டிராக்டர்களில் ஹைட்ராலிக் பம்பு எஞ்சினின் டைமிங் கியரோடு இணைந்திருக்கும். பம்புத் தண்டின் சீல் கெட்டால் எண்ணெய் எஞ்சினுக்குள் புகும். ஹைட்ராலிக் அளவு குறைய, எஞ்சின் எண்ணெய் அளவு ஏறும். ஆகவே இரண்டு கம்பிகளையும் ஒரே நேரத்தில் பார்ப்பது நல்ல பழக்கம். எஞ்சின் எண்ணெய் கூடுகிறதே என்று மகிழ்வதற்கில்லை. உடனே நிறுத்திச் சரிசெய்ய வேண்டும்.

டிப்பர் டிரெய்லர்: டிப்பரின் உருளையைத் தூக்குவது டிராக்டரின் எண்ணெயே. தூக்கும்போது பல லிட்டர் எண்ணெய் அங்கே போகும். சிறு டிராக்டரின் கூட்டில் மிச்சம் போதாமல் பம்பு காற்றை உறிஞ்சக் கூடும். வெளி உருளைக்கு எத்தனை லிட்டர் வரை எடுக்கலாம் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்டை அயலாரின் டிப்பரை இணைத்தால், அதில் உள்ள பழைய எண்ணெயும் அழுக்கும் நம் கூட்டுக்குள் வரும். நம் எண்ணெய் அங்கே தங்கும். இணைப்பு முனைகளைத் துடைத்த பின்னரே பூட்ட வேண்டும். டிப்பரை முழுதும் இறக்கிய பின்னரே கழற்ற வேண்டும். இரவல் டிப்பர் போய்வந்த மறுநாள் அளவு பார்ப்பது கட்டாயம்.

ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கலாம். அல்லது டிப்பர் தூக்கிய நிலையில் எண்ணெய் ஊற்றியிருக்கலாம். தண்ணீர் புகுந்த எண்ணெயைக் கழித்துவிட்டு, சீலைச் சரிசெய்து, புதிய எண்ணெய் ஊற்றுவதே வழி.

குறிப்பேடு

ஒரு சிறு நோட்டில் தேதி, மணி மீட்டர் காட்டும் எண், ஊற்றிய எண்ணெயின் அளவு ஆகிய மூன்றையும் எழுதிவர வேண்டும். எடுத்துக்காட்டாக, முதலில் 100 மணிக்கு அரை லிட்டர் ஊற்றிய டிராக்டர், பிறகு 50 மணிக்கு அரை லிட்டரும், அதன்பின் 20 மணிக்கு அரை லிட்டரும் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் ஊற்றியது அரை லிட்டர்தான். ஆனால் கசிவு ஐந்து மடங்காகிவிட்டது. நோட்டில் எழுதாதவருக்கு இது தெரியாது. எழுதியவர் வேலை குறைந்த நாட்களில் டிராக்டரைப் பட்டறைக்கு விட்டுச் சீலை மாற்றிவிடுவார். வாடகை ஓட்டுநர்களை வைத்து ஓட்டுபவர்களுக்கும் இக்குறிப்பேடு நல்ல சாட்சி. எண்ணெயும் வடிகட்டியும் மாற்ற வேண்டிய மணிக் கணக்கையும் கையேட்டிலிருந்து இதில் எழுதிவைக்கலாம்.

மறக்கக் கூடாத பாதுகாப்பு

தூக்கி நிறுத்திய கருவியின் கீழ் எக்காரணம் கொண்டும் தலையையோ கையையோ நுழைக்கக் கூடாது. எஞ்சின் நின்றிருந்தாலும், ஒரு குழந்தை நெம்புகோலைத் தொட்டால் போதும், கருவி விழுந்துவிடும். கத்தி மாற்றவோ சீல் பார்க்கவோ வேண்டுமானால், கருவியை இறக்கிவிட வேண்டும். அல்லது உறுதியான மரக்கட்டைகளை அடியில் கொடுத்த பின்னரே வேலை செய்ய வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது ஹோஸ் குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது பெரும் ஆபத்து. ஊசித் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தோலைத் துளைத்து உள்ளே புகும். முதலில் ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளியும் சிறு வலியும்தான் இருக்கும். சில மணி நேரத்தில் வீங்கி, சதை அழுகத் தொடங்கும். விரலையோ கையையோ இழக்கவும் நேரிடலாம். கசிவைப் பார்க்க ஓர் அட்டைத் துண்டைக் குழாய்க்கு எதிரே பிடித்தால் போதும். கண்ணாடி அணிந்து, எட்ட நின்று பார்க்க வேண்டும். தப்பித் தவறி எண்ணெய் தோலுக்குள் புகுந்துவிட்டால், மஞ்சளோ களிம்போ பூசிக் காத்திருக்காமல் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ‘அழுத்தமுள்ள எண்ணெய் உள்ளே ஏறிவிட்டது’ என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். சாதாரண முள் குத்து என்று நினைத்துவிட இடம் கொடுக்கக் கூடாது.

ஹோஸ் குழாயைக் கழற்றும் முன் எஞ்சினை நிறுத்தி, கருவியை இறக்கி, நெம்புகோல்களை முன்னும் பின்னும் அசைத்து அழுத்தத்தைப் போக்க வேண்டும். கழித்த எண்ணெயை வாய்க்காலிலோ வயலிலோ கொட்டக் கூடாது. டப்பாவில் சேர்த்து, கழிவு எண்ணெய் வாங்கும் அனுமதி பெற்றவர்களிடம் கொடுக்க வேண்டும்.

முடிவாக

சமதரையில் நிறுத்தி, கைகளை இறக்கி, எஞ்சினை நிறுத்தி, பொறுத்து, துடைத்து அளவு பார்த்தல், சரியான எண்ணெயை அரை லிட்டராக ஊற்றுதல், ஊற்றியதை எழுதிவைத்தல், குறைந்தது எங்கே போயிற்று என்று தேடுதல். இந்த நான்கையும் பழக்கமாக்கிக் கொண்ட உழவரின் டிராக்டர் பருவத்தில் நிற்பது அரிது. எண்ணெய் டப்பாவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ‘பழைய எண்ணெய் எங்கே?’ என்ற கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு விடை தெரிந்த பிறகே மூடியைத் திருகி மூடுங்கள்.

பயிற்சி வினாக்கள்

கீழ்க்கண்ட வினாக்களுக்கு விடைகளை உங்கள் டிராக்டரையும் அதன் கையேட்டையும் பார்த்து எழுதிப் பழகுங்கள்.

1. உங்கள் டிராக்டரில் ஹைட்ராலிக்குக்குத் தனித் தொட்டியா, பொதுக்கூடா?

2. அளவுக் கம்பியைத் திருகிப் பார்க்க வேண்டுமா, திருகாமல் பார்க்க வேண்டுமா?

3. தூக்குக் கைகள் மேலே இருக்கும்போது அளவு பார்த்தால் என்ன தவறு நேரும்?

4. பிரேக் உலர் வகையா, எண்ணெயில் மூழ்கிய வகையா? அதற்குரிய எண்ணெயின் தரம் என்ன?

5. பின் அச்சின் பிரீதர் எங்கே உள்ளது? கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள்?

6. தரையில் கறை இல்லாமலே எண்ணெய் குறைந்தால் எந்த நான்கு இடங்களைப் பார்ப்பீர்கள்?